கார்பனைக் கட்டுப்படுத்த அரசுக்கு அதிகாரம் இல்லையா? தவறான தகவல்

"கார்பன் டை ஆக்சைடைக் கட்டுப்படுத்த இந்தியாவில் சட்டமே கிடையாது, 2022ல் வந்த மசோதாவும் எதிர்ப்பால் அப்படியே நின்றுபோச்சு" என்று கடலூர் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது, நெய்வேலி புகைபோக்கிப் படத்தோடு. இது தவறு, தயவுசெய்து பகிராதீர்கள்.

அந்த மசோதா நிற்கவில்லை. எரிசக்தி சேமிப்புத் திருத்த மசோதா 2022 ஆகஸ்ட் 8ல் மக்களவையிலும் டிசம்பர் 12ல் மாநிலங்களவையிலும் நிறைவேறி, 2023 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. கார்பன் வர்த்தகத் திட்டம் (இலக்கைவிடக் குறைவாக உமிழும் ஆலை அந்த மிச்சத்தை, இலக்கைத் தாண்டிய ஆலைக்கு விற்கும் ஏற்பாடு) கொண்டுவரும் அதிகாரத்தை அது மத்திய அரசுக்குக் கொடுத்தது, 2023 ஜூனில் திட்டமும் வந்துவிட்டது. எதிர்ப்பு இருந்தது உண்மைதான். சுற்றுச்சூழல் துறை பார்க்க வேண்டியதை மின்துறை அமைச்சகம் ஏன் பார்க்கிறது என்று எதிர்க்கட்சிகள் கேட்டன, என்னைக் கேட்டால் அது சரியான கேள்வி. ஆனால் கேள்வி கேட்டதால் சட்டம் இல்லாமல் போய்விடாது.

அப்புறம் 2025 அக்டோபரில், 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் சிமென்ட், அலுமினியம், காகிதம், குளோர்-ஆல்கலி (குளோரின், காஸ்டிக் சோடா தயாரிக்கும்) ஆலைகளுக்குக் கார்பன் உமிழ்வு இலக்கே வைத்தார்கள், ஒரு டன் உற்பத்திக்கு இவ்வளவுதான் என்று.

அந்த நான்கில் அனல்மின் நிலையம் இல்லை. நெய்வேலிக்காகக் கோபப்படுகிறவர்கள் கேட்க வேண்டியது இதைத்தான். இன்னொன்று, மொட்டை மாடியில் காயும் துணியில் படிகிற சாம்பல் கார்பன் டை ஆக்சைடு அல்ல, அந்த வாயு கண்ணுக்கே தெரியாது. சாம்பலுக்கு 1981ஆம் ஆண்டின் காற்று மாசுச் சட்டப்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலேயே புகார் கொடுக்கலாம்.