விலை நிற்குமா என்று ஒன்பது முறை

ஒன்பது முறை. எண்ணினேன். ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்றரைக்கு என் காரைப் பார்க்க வந்த மனிதர், மதியம் இரண்டேகாலுக்குக் கிளம்பும் வரை ஒன்பது முறை அதே கேள்வியைக் கேட்டார்: "ஐந்து வருடம் வைத்திருந்து விற்றால் விலை நிற்குமா அண்ணா?" என்ஜினைக் கிளப்பச் சொல்லவில்லை. ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கட்டுமா என்று கேட்கவில்லை. ஸ்டீயரிங்கைத் தொடவே இல்லை. வாங்க வந்த பொருளை என்றைக்கு, யார் தலையில் கட்டலாம் என்பது மட்டும்தான் அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது.

பழைய ஸ்போர்ட்ஸ் காரை விற்பனைக்குப் போட்ட எல்லோருக்கும் இந்த மனிதரைத் தெரியும். கூடவே ஒரு மச்சான் வருவார், ஒரு புரோக்கர் வருவார். மச்சானுக்குக் குறை கண்டுபிடிப்பது வேலை. புரோக்கருக்கு இரண்டு பக்கமும் தலையாட்டுவது வேலை. எனக்கு இது ஐந்தாவது கூட்டம். முதல் நான்கையும் பொறுத்துக்கொண்டேன். இந்தக் கூட்டம் செய்ததைப் பொறுக்க முடியவில்லை. இரண்டு நாளாகியும் நெஞ்சு எரிகிறது.

கார் 2009ஆம் வருடத்து போர்ஷே 911. 3.6 லிட்டர், ஆறு சிலிண்டர். முதல் ஓனர் திருப்பூர் பனியன் கம்பெனிக்காரர். நான் கோவையில் பம்ப் உதிரிபாகங்களைக் கடைந்து கொடுக்கும் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். பத்தொன்பது வருடச் சேமிப்பைக் கொடுத்து 2015இல் அவரிடமிருந்து வாங்கினேன். அன்று முதல் அதற்கு மாற்றிய ஒவ்வொரு ஆயில் ஃபில்டருக்கும் என்னிடம் பில் இருக்கிறது. ஃப்ளாட்பெட் லாரியில் ஏற்றிக் கொச்சிக்குச் சர்வீஸுக்கு அனுப்பிய வாடகை ரசீது கூட இருக்கிறது. முதல் ஓனர் கொடுத்த பில்களையும் சேர்த்து, துளையிட்டு, தேதி வாரியாக ஒரு நீலக் கோப்பில் கோத்து வைத்திருக்கிறேன். நான்கு விரல் தடிமன். விலை நிற்குமா என்று கேட்கிற மனிதன் முதலில் பாய்ந்து எடுக்க வேண்டியது அந்தக் கோப்பைத்தான். பதில் முழுவதும் அதற்குள்தான் இருக்கிறது.

அவர் எடுக்கவில்லை. நானே விரித்து, 2018ஆம் ஆண்டுப் பக்கத்தைத் திருப்பி, "தண்ணீர் பம்ப் கசிய ஆரம்பித்ததுமே மாற்றிவிட்டேன், இதோ பாருங்கள்" என்று அவர் பக்கம் தள்ளினேன். என் மனைவி காபி கொண்டுவந்து வைத்தாள். ஒரு வாய் குடித்தார். டபரா கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. மேசை முழுவதும் காலியாக இருக்கிறது. சொட்டு வழிந்துகொண்டிருந்த அந்த டம்ளரைக் கொண்டுபோய்த் திறந்திருந்த பில்லின் மேல் வைத்தார்! வைத்துவிட்டுக் கேட்டார்: "அதெல்லாம் சரி அண்ணா, விலை நிற்குமா?" அது மூன்றாவது முறை. டம்ளரைத் தூக்கியபோது பில்லில் பழுப்பு வட்டம். வட்டத்துக்குள் பாகத்தின் எண் கரைந்து நீலமாகக் கசிந்து, கடைசி நான்கு இலக்கங்களைப் படிக்கவே முடியவில்லை. ஏழு வருடம் ஒரு மடிப்புக்கூட விழாமல் காத்து வைத்த தாள்.

பிறகு வெளியே போனோம். மச்சான் பையிலிருந்து பெயிண்ட் தடிமன் பார்க்கும் கருவியை எடுத்தார். கருவி நல்ல கருவிதான். கதவில் வைத்தார், எண் வந்தது. பின்பக்கத்தில் வைத்தார், அதற்கும் எண் வந்தது. முன் பம்பரில் வைத்தார், எண் வரவில்லை. அழுத்தி வைத்தார், வரவில்லை. இடம் மாற்றி வைத்தார், வரவில்லை. நிமிர்ந்து தன் மாப்பிள்ளையைப் பார்த்து, "இங்கே ஏதோ வேலை நடந்திருக்கிறது" என்றார். ஐயா, அது பிளாஸ்டிக்! உலோகத்தின் மேல் இருக்கும் பெயிண்டை அளக்கும் கருவியைப் பிளாஸ்டிக் பம்பரில் வைத்து அழுத்தினால் எங்கிருந்து எண் வரும்? நான் சொன்னேன். புரோக்கர் தலையாட்டினார். மச்சான் நம்பவில்லை. பக்கத்திலேயே நின்றிருந்த அவர்களுடைய வண்டியின் பம்பரில் வைத்துப் பாருங்கள் என்றேன். வைத்தார். அதிலும் வரவில்லை. "அது வேறு, இது வேறு" என்று சொல்லிவிட்டுக் கருவியைப் பைக்குள் போட்டுக்கொண்டார். இதற்கு முப்பத்தைந்து நிமிடம் போனது.

அடுத்தது ஓடோமீட்டர். 61,340. அதைப் பார்த்ததும் வாங்க வந்தவர் ஏதோ நோய் இருப்பதைக் கேள்விப்பட்டவர் போல முகம் சுளித்தார். "இவ்வளவு ஓட்டிவிட்டீர்களே! பெங்களூரில் ஒன்பதாயிரம் கிலோமீட்டர் மட்டும் ஓடிய வண்டி இருக்கிறது. அதுதான் விலை நிற்கும்." எங்கே ஓட்டினீர்கள் என்றார். வால்பாறைக்கு என்றேன். "ஐயோ, இந்த வண்டியையா?" என்றார்.

ஆமாம், இந்த வண்டியைத்தான். ஆழியாறிலிருந்து ஏறினால் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். விடியற்காலை ஐந்தரைக்கு, பஸ் போக்குவரத்து தொடங்கும் முன் ஏற வேண்டும். என்ஜின் பின்பக்கம் இருப்பதால் வளைவுக்குள் நுழையும்போது மூக்கு லேசாக இருக்கும். திரும்பி முடித்து ஆக்சிலரேட்டரை மிதித்ததும் பின்பக்கம் அப்படியே தரையில் அழுந்தி வண்டியை மேலே தள்ளும். ஒன்பதாவது வளைவுக் காட்சி முனையில் நிறுத்தினால் கீழே அணைத் தண்ணீர் தெரியும். சூடான உலோகம் டிக் டிக்கென்று ஆறும் சத்தம் மட்டும் கேட்கும். ஒரு பட்டறைக்காரனுக்கு அந்தச் சத்தம் என்ன என்பதை நான் யாரிடம் போய்ச் சொல்வது? அந்த 61,340இல் பாதிக்கு மேல் இந்த மாதிரி விடியற்காலைகள்தான். அதைத்தான் அவர் குறை என்றார்.

ஓடாமல் நிற்கும் வண்டிக்கு என்ன ஆகும் என்று இவர்களுக்கு யாருமே சொல்லவில்லையா? ரப்பர் சீல்கள் காய்ந்து வெடிக்கும், கிளப்பிய மறுநாளே ஆயில் ஒழுகும். டயர் ஒரே இடத்தில் அழுந்திக் கெட்டிப்படும். பேட்டரி செத்துப்போகும். ஏசியில் வாயு இறங்கிவிடும். எலி வயரைக் கடிக்கும். போதாக்குறைக்கு இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் டாங்கியில் தேங்கி நின்றால் என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருடம். என் டயரில் 2423, அதாவது 2023இன் இருபத்து நான்காவது வாரத்தில் செய்தது. குனிந்து பார்க்கச் சொன்னேன். குனியவில்லை. பெங்களூர் வண்டியில் போய் அந்த எண்ணைப் பாருங்கள் என்றேன். அந்த யோசனையே அவருக்கு வந்திருக்கவில்லை.

ஆறாவது முறை போனை நீட்டிக் கேட்டார். அமெரிக்காவில் போர்ஷே கரேரா ஜிடி விலை எப்படி ஏறியிருக்கிறது என்று ஒரு வீடியோ. "இதுவும் போர்ஷேதானே அண்ணா?" கரேரா ஜிடி மொத்தம் செய்ததே 1,270 வண்டிகள். பத்து சிலிண்டர், மேனுவல் கியர் மட்டும். என் வண்டியின் தலைமுறை 911 இரண்டு லட்சத்துக்கு மேல் செய்யப்பட்டது. இரண்டுக்கும் ஒரே கணக்கா? அப்புறம், ஏறிய கதையை மட்டும் பார்க்கிறார்களே, இறங்கிய கதையை யார் பார்ப்பது? 1988இல் ஃபெராரி கம்பெனியைத் தொடங்கிய என்ஸோ ஃபெராரி இறந்ததும் உலகம் முழுவதும் ஃபெராரி விலை வெறிபிடித்தாற்போல் ஏறியது. ஃபெராரியின் எஃப்40 மாடலை ஓட்டுவதற்கு வாங்கியவனைவிட கைமாற்றி விற்க வாங்கியவன்தான் வரிசையில் முன்னால் நின்றான். இரண்டே வருடத்தில் சந்தை சரிந்தது, கடன் வாங்கிப் போட்டவர்கள் கதறினார்கள். இன்று அதே எஃப்40 இருபது லட்சம் டாலரைத் தாண்டி ஏலம் போகிறது. நடுவில் இருந்த வருடங்களில் அதைக் கழுவித் துடைத்து, பெல்ட் மாற்றி, ஓட்டிக்கொண்டிருந்தவன் யார்? விலை நிற்குமா என்று கேட்காதவன்தான்! லெக்சஸ் எல்எஃப்ஏ மொத்தமே 500 வண்டி. புதிதாக 3,75,000 டாலர் விலை வைத்தபோது ஆளில்லாமல் வருடக்கணக்கில் ஷோரூமில் நின்றவை உண்டு. இப்போது அதன் விலையைக் கேட்டால் தலை சுற்றும். அன்றைக்கு இந்த மனிதரைப் போன்ற ஆயிரம் பேர் அதை "விலை நிற்காது" என்று ஒதுக்கியிருப்பார்கள்.

அதுவும் நம் நாட்டில் வெளிநாட்டு விலையை வைத்துக் கணக்குப் போடுவது சுத்த அறியாமை. இங்கே புதிய இறக்குமதிக் காரின் விலையில் பெரும்பங்கு கார் அல்ல, வரி. சச்சினுக்குப் பரிசாக வந்த ஃபெராரி 360க்கு ஒரு கோடி ரூபாய்க்கு மேல் சுங்க வரி என்று 2003இல் நாடே பேசவில்லையா? அதற்கு மேல் ஆயுள் சாலை வரி. இன்று தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேல் விலையுள்ள காருக்கு 20 சதவீதம். இந்தப் பணம் எல்லாம் அரசாங்கத்துக்குப் போய்விட்டது, வண்டிக்குள் இல்லை. அதனால்தான் முதல் மூன்று நான்கு வருடத்தில் விலை கிணற்றில் விழுந்த கல் மாதிரி இறங்குகிறது. அந்தப் பள்ளத்தைத் திருப்பூர்க்காரர் இறங்கி முடித்துவிட்டார், பாவம். இனி இதை வாங்குகிறவருக்கு இறக்கம் மெதுவாகத்தான் இருக்கும். ஒரே நிபந்தனை, என்ஜின் கெடக் கூடாது. இதற்கு முந்தைய 911 என்ஜின்களில் உள்ளே சுழலும் இடைத்தண்டைத் தாங்கும் பேரிங் உடைந்து என்ஜினையே தின்ற கதைகள் உண்டு. 2009 என்ஜினில் அந்த பேரிங்கே கிடையாது. இதைத்தான் ஐயா கேட்க வேண்டும்! ஸ்பார்க் பிளக் துளை வழியாகக் கேமரா விட்டு சிலிண்டர் சுவரில் கீறல் இருக்கிறதா பாருங்கள் என்று நானே சொன்னேன், செலவையும் நானே ஏற்கிறேன் என்றேன். "அதெல்லாம் எதற்கு அண்ணா" என்றார். பிளாஸ்டிக் பம்பருக்கு முப்பத்தைந்து நிமிடம் இருந்தது, சிலிண்டருக்கு நேரமில்லை.

ஏழும் எட்டும் டெல்லி வண்டியை வைத்து. அங்கே பாதி விலைக்குத் தருகிறார்களாம். ஏன் தருகிறார்கள்? பதினைந்து வருடம் தாண்டிய பழைய பெட்ரோல் வண்டிகளுக்கு அங்கே தடைக் கெடுபிடி. அதனால் தள்ளிவிடுகிறார்கள். அங்கிருந்து தடையில்லாச் சான்று வாங்கி, லாரியில் ஏற்றி, இங்கே மறுபடி வரி கட்டி, எண் மாற்ற வேண்டும். என் வண்டிக்குப் பதினைந்து வருடம் முடிந்ததும் ஐந்து வருடத்துக்குப் பதிவைப் புதுப்பித்து, இறக்குமதி வண்டி என்பதால் 40,000 ரூபாய் கட்டணமும் கட்டி, ரசீதை அதே கோப்பில் வைத்திருக்கிறேன். காபி வட்டத்துக்கு இரண்டு பக்கம் தள்ளி.

அப்பாவுக்கு இடுப்பு அறுவைச் சிகிச்சை நடந்திருக்கிறது. தரையை ஒட்டிய வண்டியில் அவரால் ஏறி இறங்க முடியாது. உயரமான வண்டி வாங்கியாக வேண்டும், இரண்டு வண்டி வைத்துக்கொள்ள எனக்கு வசதி இல்லை. அதனால்தான் விற்கிறேன். இல்லாவிட்டால் இந்தக் கோப்பை அந்த மேசைக்கே கொண்டுவந்திருக்க மாட்டேன். ஒன்பதாவது முறை கேட்டுவிட்டு, கிளம்பும்போது, செருப்பை மாட்டிக்கொண்டே ஒரு விலை சொன்னார். நான் 2015இல் கொடுத்ததில் மூன்றில் ஒரு பங்கு. "விலை நிற்காத வண்டி அண்ணா, அதற்கு மேல் எப்படிக் கொடுப்பது?" என்றார். புரோக்கர் தலையாட்டினார்.

அப்புறம் தங்கள் மலை போன்ற வண்டியைப் பின்னால் எடுத்தார்கள். மூன்று கேமரா, நான்கு பக்கமும் சென்சார். பார்த்து எடுக்கக் கூடாதா? நேராகச் சாக்கடை மூடிக் கல்லின் மேல் ஏற்றினார்கள். போன மாதம்தான் தெருவில் ஆறு வீட்டுக்காரர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வாங்கிப் போட்ட கல். டமாரென்று இரண்டாகப் பிளந்தது. கண்ணாடியை இறக்கி, "என்ன சத்தம்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள். ஒரு பாதி உள்ளே விழுந்து கிடக்கிறது. காலையில் கீரைக்காரம்மா கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு அந்த வழியாகத்தான் வருகிறார், கீழே பார்க்க முடியாது அவரால். நேற்று ராத்திரி ஒரு பழைய கதவைக் கொண்டுபோய் அதன் மேல் போட்டு, பக்கத்தில் சிவப்புத் துணி கட்டிய கம்பு நட்டிருக்கிறேன். இன்று காலை போய்ப் பார்த்தால் கம்பை யாரோ பிடுங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள்.