அந்த 17 எங்கே தம்பி?

(சென்னை ரிச்சி தெருவில், இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் மூச்சுவிட இடமில்லாத ஒரு கடை. பெரியவர் கருவூலத்தில் கணக்கு பார்த்து ஓய்வு பெற்றவர். சட்டைப் பையில் இன்னமும் இரண்டு பேனா, ஒன்று சிவப்பு.)

தம்பி: இன்டெர்னலா, எக்ஸ்டெர்னலா சார்?

பெரியவர்: எக்ஸ்டெர்னல்தான். இன்டெர்னல் ஆட்கள் நம் டீயையே குடித்துவிட்டு, நம் கணக்கில் குறையில்லை என்று எழுதிவிட்டுப் போவார்கள்.

தம்பி: ஆடிட்டர் இல்லை சார், அடாப்டர். கம்ப்யூட்டரை வைஃபையில் சேர்க்கிற வைஃபை அடாப்டர். உள்ளே மாட்டுகிற கார்டா, வெளியே சொருகுகிற டாங்கிளா?

பெரியவர்: ஓ! உள்ளே என்றால்?

தம்பி: சிபியு மூடியைக் கழற்றி, மதர்போர்டில் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில் சொருகி, ஸ்குரூ போட்டு மூடவேண்டும். பின்பக்கம் இரண்டு ஆன்டெனா நீட்டிக்கொண்டு நிற்கும். அதுதான் சார் பவர்.

பெரியவர்: என் சிபியு மேஜைக்குக் கீழே, முதுகைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்திருக்கிறது. பக்கத்தில் இரும்பு பீரோ. ரவுட்டர் ஹாலில் சாமி படத்துக்கு மேலே. இந்த ஆன்டெனா எதைப் பார்க்கும்?

தம்பி: சுவரைப் பார்க்கும் சார்.

பெரியவர்: வீட்டுப்பாடம் எழுதாத பையன் மாதிரி.

தம்பி: அப்படியென்றால் டாங்கிள் எடுங்கள். பாருங்கள், நகம் அளவுதான். 600.

பெரியவர்: ரூபாயா?

தம்பி: ரூபாயும் 600, ஸ்பீடும் 600 எம்பிபிஎஸ்.

(பெரியவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பெட்டியின் பின்பக்கத்துக் கடுகு எழுத்தை மூக்கருகே வைத்துப் படிக்கிறார்.)

பெரியவர்: 2.4 கிகாஹெர்ட்ஸில் 150, 5 கிகாஹெர்ட்ஸில் 433 என்று போட்டிருக்கிறதே?

தம்பி: ஆமா சார். இரண்டையும் கூட்டினால் 600.

பெரியவர்: 583.

தம்பி: என்ன சார்?

பெரியவர்: 150-ம் 433-ம் 583. பாக்கி 17 எங்கே தம்பி?

தம்பி: ரவுண்டு பண்ணியிருப்பார்கள் சார். எல்லா கம்பெனியும் அப்படித்தான்.

பெரியவர்: எங்கள் ஆபீசில் 17 பைசா உதைத்தாலே ராத்திரி ஒன்பது மணிவரை உட்கார்ந்து தேடுவோம். சரி, 583. இரண்டும் ஒரே நேரத்தில் ஓடுமா?

தம்பி: ஓடாது சார். ஒரு நேரத்தில் ஒரு பேண்டுதான், 2.4 இல்லையென்றால் 5.

பெரியவர்: அப்புறம் எதற்குக் கூட்டினார்கள்? என் இடது கால் ஒன்பது, வலது கால் ஒன்பது. 18-ஆம் நம்பர் செருப்பு என்று விற்பாயா?

(சார்ஜர் விலை கேட்டு நின்றவர் சிரித்துவிடுகிறார். தம்பி சிரிக்கவில்லை.)

தம்பி: பெட்டியில் போடுவது தியரி சார். கைக்கு வரும்போது கொஞ்சம் குறையும். இது வேண்டாம், 1200 இருக்கிறது, அதைப் பாருங்கள்.

பெரியவர்: பெட்டியைத் திருப்பு.

தம்பி: 300... 867.

பெரியவர்: 1167. இதில் 33 காணோம். விலை கூடினால் கையாடலும் கூடுகிறது.

தம்பி: வைஃபை 6 கார்டே எடுத்துவிடுங்கள் சார். 3000!

பெரியவர்: திருப்பு.

தம்பி: 574... 2402... (உதடு அசைகிறது) 2976. 24 குறையுது சார்.

பெரியவர்: பரவாயில்லை, திருந்தி வருகிறார்கள். நீயும்தான்.

தம்பி: இதில் புளூடூத்தும் உண்டு சார். உள்ளே ஒரு குட்டி வயரை மதர்போர்டில் யுஎஸ்பி பின்னில் மாட்டவேண்டும். நிறைய பேர் அதை மாட்டாமல் விட்டுவிட்டு, புளூடூத் வரவில்லை என்று வந்து சண்டை போடுவார்கள்.

பெரியவர்: விற்கும்போது இதைச் சொல்வீர்களா?

தம்பி: சண்டை போடும்போது சொல்வோம் சார்.

பெரியவர்: எங்கள் வீட்டுக்கு வருகிற இணைப்பே 50 எம்பிபிஎஸ். 3000 எதற்கு?

தம்பி: ஃபியூச்சருக்கு சார்.

பெரியவர்: எனக்கு 71 வயது.

(தம்பி கார்டைப் பெட்டிக்குள் வைத்து மூடுகிறான். முதலாளி டீ குடிக்கப் போயிருப்பதை எட்டிப் பார்த்து உறுதி செய்துகொள்கிறான்.)

தம்பி: உண்மையைச் சொல்லட்டுமா சார்? உங்களுக்கு முதல் டாங்கிளே போதும். ஆனால் சிபியு பின்னால் சொருகாதீர்கள், பீரோவும் தகரமும் சிக்னலைத் தின்றுவிடும். ஒரு மீட்டர் எக்ஸ்டென்ஷன் வயரில் மாட்டி மேஜை மேல் எடுத்து வையுங்கள். வயர் 100 ரூபாய்தான். நடுவில் ஒரு சுவர்தானே, 5 கிகாஹெர்ட்ஸிலேயே போடுங்கள். அப்புறம், நீல நிற யுஎஸ்பி வேண்டாம். எப்போதாவது 2.4-க்கு மாறினால், நீலத்தில் யுஎஸ்பி 3 ஓடும்போது வருகிற இரைச்சல் அதற்கு ஆகாது. கறுப்பில் சொருகுங்கள்.

பெரியவர்: கறுப்பில் எவ்வளவு போகும்?

தம்பி: யுஎஸ்பி 2. அதிகபட்சம் 480.

பெரியவர்: 600 போகிற சாமானை 480 போகிற ஓட்டையில்...

தம்பி: சார்!

பெரியவர்: சரி சரி. இது என்ன, இட்லித் தட்டுக் குழி அளவில் ஒரு சிடி? என் கம்ப்யூட்டரில் சிடி போட இடமே இல்லையே.

தம்பி: அதைத் தூக்கிப் போடுங்கள். சொருகினதும் டாங்கிளே தன்னை சிடி டிரைவ் என்று காட்டும். அதற்குள் டிரைவர் சாஃப்ட்வேர் இருக்கும், போட்டால் வைஃபையாக மாறிக்கொள்ளும்.

பெரியவர்: வீட்டுக்குள் வரும்போதே பெயரை மாற்றிச் சொல்கிறது. இதுவா 17-க்குக் கணக்கு சொல்லப்போகிறது! பில் போடு.

(ஐந்நூறு, ஐம்பது, மூன்று பத்து, மூன்று ஒற்றை ரூபாய் நாணயம். மேஜையில் வரிசையாக வைக்கிறார்.)

தம்பி: 17 குறையுது சார்.

பெரியவர்: பெட்டியில் 600-தான் தம்பி. கைக்கு வரும்போது கொஞ்சம் குறையும்.

(தம்பி ஒரு நொடி பார்க்கிறான். பிறகு ஆணியில் தொங்கும் எக்ஸ்டென்ஷன் வயரை எடுத்துச் சுருட்டி வைக்கிறான்.)

தம்பி: வயர் தனி சார். 117.

பெரியவர்: 100 என்றாயே?

தம்பி: அது ரவுண்டாகச் சொன்னது சார்.