பவுன் கணக்கு பாத்திய, பவுண்டு கணக்கு பாத்தியளா?

"மாப்பிள்ளை வெளிநாட்டுல இருக்காவ, கல்யாணம் முடிஞ்ச கையோட பிள்ளைய கூட்டிட்டுப் போயிருவாவ." இந்த ஒரு வரியச் சொல்லித்தான தரகர் கமிஷன் வாங்குதாரு? இதைக் கேட்டுத்தான அம்பது பவுனா அறுபது பவுனான்னு நடுவீட்டுல உக்காந்து விடிய விடிய பேசுதிய? நட்சத்திரம் கேக்கிய, பாதம் கேக்கிய, செவ்வாய் எங்க நிக்குன்னு கேக்கிய. "தம்பி, நீங்க எந்த விசாவுல இருக்கிய? அந்த விசாவுல பொண்டாட்டிய கூப்பிட முடியுமா?"ன்னு மட்டும் ஒருத்தர் வாயில இருந்தும் வரமாட்டேங்கு. கேட்டா சம்பந்தி வீட்டுக்கு மரியாதைக் குறைவாம்லா!

பிறகு எட்டு மாசம் கழிச்சு அந்தப் பிள்ளை டவுன் ரதவீதியில காய்கறி வாங்கப் போனா, எதுக்க வாரவ எல்லாம் "என்னட்டி, இன்னும் விசா வரலியா?"ன்னு கேப்பாவ. அப்போ மட்டும் விசா ஞாபகம் வந்துரும்.

மொதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க. "லண்டன் மாப்பிள்ளை"ன்னு ஒரு வகையே கிடையாது. அங்க எம்.எஸ்ஸி, எம்.பி.ஏ. படிக்கப் போன பையன், படிப்பு 2024 ஜனவரியிலயோ அதுக்குப் பிறகோ ஆரம்பிச்சிருந்தா, பொண்டாட்டிய டிபென்டென்ட்டா, அதாவது அவரைச் சாந்த குடும்ப ஆளா, கூப்பிடவே முடியாது. பி.எச்டி. மாதிரி ஆராய்ச்சிப் படிப்புக்குத்தான் அந்த வழி திறந்திருக்கு. முதியோர் இல்லத்துல கேர் ஒர்க்கரா 2024 மார்ச் 11-க்குப் பிறகு போனவங்களுக்கும் அந்தக் கதவு அடைச்சாச்சு. அங்க குடியுரிமையோ நிரந்தர அனுமதியோ வாங்கினவர்னா கூப்பிடலாம். ஆனா வருஷத்துக்கு 29,000 பவுண்டு சம்பளம் காட்டணும். 2024 ஏப்ரலுக்கு முன்னால அது 18,600-ஆ இருந்துச்சு. பழைய கணக்க வச்சுக்கிட்டு "என் மச்சான் பையன் அப்படித்தான் கூட்டிட்டுப் போனான்"னு இன்னும் பேசிக்கிட்டு அலையுத மாமாக்கள என்ன செய்ய?

வளைகுடா கதையும் அதேதான். துபாய்ல குடும்பத்த ஸ்பான்சர் பண்ண மாசம் 4,000 திர்ஹாம் சம்பளம் வேணும், இல்லன்னா 3,000-மும் கம்பெனி வீடும். சவூதியில சம்பளம் சரியா இருந்தாலும் கூட இருக்க ஒவ்வொரு ஆளுக்கும் மாசம் 400 ரியால் கட்டணும். வருஷத்துக்கு 4,800 ரியால், நம்ம காசுல ஒரு லட்சத்துக்கு மேல. சிங்கப்பூர்ல மாப்பிள்ளையோட நிலையான மாசச் சம்பளம் 6,000 சிங்கப்பூர் டாலர் இருந்தாத்தான் பொண்டாட்டிக்கு டிபென்டென்ட் பாஸ். "பிள்ளை பி.இ. படிச்சிருக்கா, அங்க போய் வேலை பாத்துக்கிடும்"னு ஒரு சித்தப்பா சொல்லுவாரு. 2021 மே மாசத்துல இருந்து அந்தப் பாஸை வச்சுக்கிட்டு நேரா வேலைக்குப் போக முடியாது சித்தப்பா, அந்தப் பிள்ளைக்குன்னு தனியா ஒரு ஒர்க் பாஸ் வேணும். கனடாவுல மாப்பிள்ளை படிக்கானா, 2025 ஜனவரியில இருந்து எல்லாப் படிப்புக்கும் பொண்டாட்டிக்கு வேலை அனுமதி கிடைக்காது. 16 மாசமோ அதுக்கு மேலயோ ஓடுத மாஸ்டர்ஸ், முனைவர் படிப்பு, இன்னும் சில தொழிற்படிப்பு, அவ்வளவுதான். இதெல்லாம் நிச்சயத்துக்கு முன்னால ஒரு போன் போட்டுக் கேக்க வேண்டிய சங்கதி. பத்து நிமிஷ வேலை.

சரி, விசா சரியான விசாதான்னு வைங்க. மாப்பிள்ளைக்கு லீவு இருபது நாள். அதுல அஞ்சு நாள் மறுவீடு, நாலு நாள் விருந்து, ரெண்டு நாள் குத்தாலம். சார்பதிவாளர் ஆபீஸுக்கு? "அது பிறகு பாத்துக்கிடலாம்." மாப்பிள்ளை திருவனந்தபுரத்துல ஏறிப் போன பிறகுதான் ரெண்டு பேரும் நேர்ல வந்து கையெழுத்துப் போடணும்னு தெரியும். தமிழ்நாட்டுல 2009-ம் வருஷச் சட்டப்படி கல்யாணத்த 90 நாளுக்குள்ள பதியணும், அபராதக் கட்டணத்தோட இன்னும் 60 நாள். அதுக்குள்ள அவருக்கு மறுபடி லீவு கிடைக்குமா? ஒரு பதிவுக்காக முப்பதாயிரம், நாப்பதாயிரம் டிக்கெட் போட்டு வரணும். முகூர்த்தம் முடிஞ்ச முதல் வாரத்துலயே, ஒரு வேலை நாள்ல, பத்திரிகை, ரெண்டு பேரு அடையாளச் சான்று, வயசுச் சான்று, போட்டோ, சாட்சிகள் எல்லாத்தையும் கூட்டிட்டுப் போயிருங்க. விருந்துக்கு எந்த மாமா கோவிச்சாலும் கோவிக்கட்டும்.

பதியும்போதுதான் பேரு விவகாரம் கெளம்பும். நம்ம பக்கத்துப் பேருகள நினைச்சுப் பாருங்க. இசக்கியம்மாள். ஆதார்ல இங்கிலீஷ் 'ஈ'ல ஆரம்பிச்சிருக்கும், பத்தாங்கிளாஸ் மார்க் ஷீட்ல 'ஐ'ல ஆரம்பிச்சிருக்கும். ஒண்ணுல ஒத்தை 'எஸ்', இன்னொண்ணுல ரெட்டை 'எஸ்'. முத்துலெட்சுமிக்கு ஒரு இடத்துல 'லெ', ஒரு இடத்துல 'ல'. பத்திரிகையில ஆசையா "பேச்சியம்மாள் என்ற திவ்யா"ன்னு போட்டாச்சு. இதுல எந்தப் பேருல திருமணச் சான்று வரணும்? பாஸ்போர்ட்டுல எப்படி இருக்கோ, எழுத்துக்கு எழுத்து அப்படியே. மத்த தாள்கள அதுக்கு ஏத்தாப்புல திருத்துங்க. பத்திரிகை அடிக்கக் கொடுக்கும்போதே பாஸ்போர்ட்ட பக்கத்துல வச்சுக்கிட்டு பேரு எழுதுங்க. ப்ரூஃப் பாக்கச் சொன்னா தாய்மாமன் பேரு விட்டுப்போச்சான்னு மட்டும் பாக்கிய.

இனிஷியல் இன்னொரு எழவு. நமக்கு குடும்பப் பேரு கிடையாது, பாஸ்போர்ட்டுல அந்தக் கட்டம் காலியாவே கெடக்கும். 2022 நவம்பர்ல அமீரகத்துக்காரன் சொல்லிட்டான், ஒத்தைப் பேரு பாஸ்போர்ட்ட வச்சுக்கிட்டு விசிட் விசாவுல வரக்கூடாதுன்னு. "மொதல்ல விசிட்ல போகட்டும், அங்க போய் மாத்திக்கிடலாம்"னு போட்ட திட்டம் ஏர்போர்ட் கவுன்டர்லயே செத்துப்போகும். அமெரிக்க விசாவுல காலிக் கட்டத்துக்குப் பதிலா "முதல் பேரு தெரியவில்லை"ன்னு அர்த்தம் வர மாதிரி எஃப்.என்.யு.ன்னு மூணு எழுத்து அடிச்சுக் கொடுப்பான், பிறகு காலம் பூரா அதுதான் பேரு. அப்பா பேரை விரிச்சு எழுதி பாஸ்போர்ட்ட ரீ-இஷ்யூ பண்ண சாதாரணக் கட்டணம் 1,500 ரூபாய், தட்கல்னா இன்னும் 2,000. நம்ம திருநெல்வேலியிலயே சேவா கேந்திரம் இருக்கு. ஆனா விசாவுக்குப் போடுததுக்கு முன்னால செய்யணும். போட்ட பிறகு பாஸ்போர்ட் நம்பர் மாறினா அத்தனை பாரத்துலயும் நம்பர் மாறும்.

அதோட, கல்யாணம் ஆன உடனே பிள்ளை பேருக்குப் பின்னால புருஷன் பேரை ஒட்டுததுக்கு என்ன அவசரம்? விசா வர வரைக்கும் பேரை மாத்தாதிய. பாஸ்போர்ட் எடுக்க புருஷன் சம்மதமோ கையெழுத்தோ வேண்டியதில்லைன்னு 2025-ல சென்னை உயர் நீதிமன்றமே சொல்லியாச்சு.

சான்று வந்த உடனே பஸ் ஸ்டாண்டு ஜெராக்ஸ் கடைக்கு ஓடிப்போய் லேமினேஷன் பண்ணுத ஆளுகளுக்கு என்ன தண்டனை கொடுக்கலாம்? வெளிநாட்டுல செல்லணும்னா அந்தத் தாளோட முதுகுலதான் வே, முத்திரை குத்தணும்! பிளாஸ்டிக் மேல எங்க குத்துவான்? சென்னையில மாநில உள்துறை கையெழுத்து, பிறகு வெளியுறவுத் துறை. ஒரு நாட்டு முத்திரைய இன்னொரு நாடு அப்படியே ஏத்துக்கிடுத அப்போஸ்டில் ஒப்பந்தத்துல இருக்க நாடுன்னா அதோட முடிஞ்சது, அரசுக் கட்டணம் தாளுக்கு 50 ரூபாய், அதுக்கு மேல சேவைக் கட்டணம். சவூதி 2022-லயும் கனடா 2024 ஜனவரியிலயும் அந்த ஒப்பந்தத்துக்குள்ள வந்தாச்சு. அமீரகம், கத்தார், குவைத் மாதிரி அதுல சேராத நாட்டுக்குத்தான் அவங்க தூதரக முத்திரையும் வேணும். இது தெரியாம எந்த நாட்டுக்கும் "எம்பசி பண்ணணும்"னு சொல்லி ஆயிரக்கணக்குல கறக்குத ஏஜென்ட்டுகிட்ட, எந்த நாடு, எந்த முத்திரைன்னு எழுதிக் கேளுங்க. முழிப்பான்.

இதுக்கு நேர் எதிரா இன்னொரு கூட்டம் இருக்கு. எல்லாத்தையும் முதல் வாரமே எடுத்து பீரோவுல பூட்டி வச்சிருவாவ. கெட்டுப்போகாத தாள் இருக்கு, கெட்டுப்போகுத தாள் இருக்கு. கல்யாணச் சான்று, பேரு பதிஞ்ச பிறப்புச் சான்று, பட்டம் எல்லாம் கெடாது. பல பேரு பிறப்புச் சான்றுல "பெண் குழந்தை"ன்னு மட்டும் இருக்கும், பேரு இருக்காது, அதை இன்னைக்கே எடுத்துப் பாருங்க. பட்டம் வாங்காம ப்ரொவிஷனலோட நிக்கவங்க அபிஷேகப்பட்டி யுனிவர்சிட்டிக்குப் போய் டிரான்ஸ்கிரிப்ட்டும் சேத்து வாங்கிருங்க. அங்க போன பிறகு இங்க இருக்க அப்பாவ அலைய விடாதிய. ஆனா பிரிட்டனுக்கான காசநோய்ச் சான்று ஆறு மாசம்தான் செல்லும், அவங்க ஒத்துக்கிட்ட மையத்துலதான் எடுக்கணும். பேங்க் ஸ்டேட்மென்ட் விண்ணப்பம் போடுத நாளுக்கு முந்தின 28 நாளுக்குள்ள உள்ளதா இருக்கணும். போலீஸ் சான்று 500 ரூபாய்தான், ஆனா கேட்ட பிறகு போடுங்க. அதை முந்தி எடுத்து, பழசாகி, மறுபடி அலையுததுக்கா வச்சிருக்கிய காசை? ஜெர்மனின்னா பிள்ளை அந்த மொழியில ஏ1 பரிட்சை எழுதணும். மாப்பிள்ளை ப்ளூ கார்டுன்னா, அதாவது பட்டம் படிச்சு வேலை பாக்கவங்களுக்கான அனுமதின்னா, அது வேண்டாம். அந்த மொழி மையம் திருவனந்தபுரத்துலயும் இருக்கு, சென்னைதான்னு அடம் பிடிக்க வேண்டாம்.

இப்போ துட்டுக்கு வருவோம். பிரிட்டன் கணவன்–மனைவி விசா, 2025 ஏப்ரல் கணக்குல, கட்டணம் 1,938 பவுண்டு. அதோட மருத்துவ சர்சார்ஜ் வருஷத்துக்கு 1,035. விசா 33 மாசத்துக்குத்தான், ஆனா மூணு வருஷத்துக்கு வாங்கிருவான், 3,105. கூட்டினா 5,043 பவுண்டு, அஞ்சரை லட்சத்துக்கு மேல. அதுவும் விண்ணப்பம் போடும்போதே மொத்தமா. மண்டபத்துக்கும் மேடை அலங்காரத்துக்கும் கண்ண மூடிக்கிட்டு எடுத்துக் கொடுத்த கை, இந்தத் தொகையக் கேட்ட உடனே "அது மாப்பிள்ளை வீட்டுச் செலவு"ன்னு பின்னால போகுது. யாரு செலவுன்னு நிச்சயத்தப்பவே பேசணும், நகைப் பேச்சோட பேச்சா.

பிரிட்டன் கேக்குத அந்த 29,000-க்குச் சம்பளம் பத்தலன்னா சேமிப்பு காட்டலாம்னு ஒரு வழி இருக்கு. சம்பளமே இல்லாதவருக்கு 88,500 பவுண்டு, அதுவும் ஆறு மாசம் அசையாம கணக்குல இருந்திருக்கணும். மொய்ப் பணத்த மூட்டையாக் கொண்டுபோய் விண்ணப்பத்துக்கு முந்தின வாரம் பேங்க்ல போட்டா அது சேமிப்பு இல்ல, சந்தேகம். மொய்ய போடணும்னா மொய் நோட்டு முடிஞ்ச மறுவாரமே போடுங்க, நோட்டையும் பத்திரமா வைங்க.

அப்புறம் அந்த அறுபது பவுனு. மொத்தத்தையும் கழுத்துல மாட்டி அனுப்புத ஆளுக இருக்காவ. திரும்பி வரும்போது கஸ்டம்ஸ்ல, ஒரு வருஷத்துக்கு மேல வெளிய இருந்த பொண்ணுக்கு வரியில்லாம 40 கிராம், அஞ்சு பவுன். மிச்சத்த இங்க இருந்துதான் கொண்டுபோனோம்னு எதை வச்சுச் சொல்லுவிய? போகும்போதே பில்லு, போட்டோ, மதிப்பீட்டாளர் சீட்டு கொண்டுபோய் ஏர்போர்ட் கஸ்டம்ஸ்ல எக்ஸ்போர்ட் சர்டிபிகேட் வாங்கணும், அதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாலயே போகணும். இல்லன்னா தாலியும் ஒரு சங்கிலியும் போதும், மிச்சம் லாக்கர்ல பிள்ளை பேருலயே கெடக்கட்டும். பிள்ளை பேருலன்னு சொன்னது காதுல விழுந்துச்சா?

பேங்க் கணக்க என்.ஆர்.ஓ.-வா, அதாவது வெளிநாட்டுல இருக்கவங்களுக்கான கணக்கா மாத்தணும், அது சட்டம். ஓ.டி.பி. வருத சிம்மை அப்பா போன்ல போட்டுட்டு பிளேன் ஏறினா, அங்க இருந்து ஒரு ரூபாய் எடுக்க அப்பா மதியத் தூக்கத்துல இருந்து எந்திரிக்கணும். ரோமிங்க ஏர்போர்ட்டுக்குப் போறதுக்கு முந்தியே போட்டுப் பாருங்க. சொத்து, வழக்கு எதுவும் இருந்தா பவர் பத்திரத்த இங்கயே பதிஞ்சிருங்க. அங்க எழுதினா தூதரகக் கையெழுத்து, இங்க வந்து மூணு மாசத்துக்குள்ள முத்திரைத்தீர்வைன்னு தனி அலைச்சல். ரொக்க டாலர் 3,000 வரைக்கும்தான் கையில, மிச்சம் கார்டுல. ஒரு ரிட்டர்ன் டிக்கெட் காசும் மூணு மாசச் செலவும் பிள்ளை தனிக் கணக்குல இருக்கணும். பாஸ்போர்ட் அவ கையிலதான் இருக்கணும், மாமியார் பீரோவுல இல்ல. இதைச் சொன்னா "கல்யாண வீட்டுல அபசகுனமாப் பேசாத"ம்பாவ. பேசத்தான் செய்வோம்.

கடைசியா அந்த 23 கிலோ பெட்டி. ஆத்தாவும் பெரியம்மாவும் சேந்து வத்தல், இட்லிப்பொடி, நல்லெண்ணெய், குருமாவுக்குக் கசகசான்னு அடைச்சுக்கிட்டு இருப்பாவ. துபாய்க்கா போறா? மொதல்ல அந்தக் கசகசாவ எடுத்து வெளிய வைங்க மைனி, அங்க அது போதைப்பொருள் கணக்குல வரும். டாக்டர் சீட்டு இல்லாத வலி மாத்திரையையும் எடுங்க. எடுத்தாச்சா? இப்போ அந்த இடத்துல கல்யாணச் சான்று ஃபைல வைங்க. இல்ல இல்ல, பெட்டியில இல்ல, கைப்பையில.