கொச்சிக்காயில் மட்டும் பழி போடாதீங்கோ
உறைப்பும் நேரம் தப்பின சாப்பாடும்தான் கேஸ்ட்ரைட்டிஸுக்கு (இரைப்பை அழற்சிக்கு) காரணம் என்று நான் வாசிச்ச ஒரு கட்டுரை முடிச்சிட்டுது. அதுக்கு இன்னொரு முக்கிய காரணமான ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமியை விட்டது பெரிய குறை. பெரும்பாலான கிருமிகள் இரைப்பை அமிலத்தில் செத்துப்போகும். இது யூரியேஸ் நொதியால் யூரியாவை அமோனியாவாக்கி, தன்னைச் சுற்றின அமிலத்தைத் தணிச்சுக்கொண்டு, சுருள் உடம்பால் திருகித் திருகிச் சளிப்படலத்துக்குள் இறங்கிவிடும். இரைப்பைச் சுவரின் கலங்கள் வெள்ளணுக்களைக் கூப்பிடுற இன்டர்லூக்கின்-8 என்ற பொருளை வெளிவிட, வெள்ளணுக்கள் திரண்டு வரும். கிருமி பெரும்பாலும் தப்பிவிடும்; வெள்ளணுக்கள் கக்கிற நச்சு, சுவரையே புண்ணாக்கும்.

திருகோணமலையில் பாமசிக்குப் போய், அமிலத்தைக் குறைக்கிற ஒமெப்ரசோல் வாங்கி விழுங்கினால் எரிவு அடங்கும், கிருமி சாகாது. டொக்டரிட்டைக் கேட்டு, கிருமி இருக்கோ எண்டு பார்க்கிற பரிசோதனைக்கு 2 கிழமைக்கு முதல் ஒமெப்ரசோலை நிறுத்துங்கோ. இல்லாட்டி கிருமி இருந்தும் இல்லையெண்டு வரலாம். கிருமியைக் கொல்ல 14 நாளைக்குத் தந்த அன்டிபயோட்டிக்கை 5ஆம் நாளில் நிறுத்தினால், மிஞ்சின கிருமி மருந்துக்கு மசியாமல் போகலாம். மருந்து முடிஞ்சு 4 கிழமைக்குப் பிறகு திரும்பவும் பரிசோதிக்க வேணும்.