நாய் உச்சிக்குப் போகணும் என்று கேட்கவில்லை

இடி மின்னலில் ஒருவர் தன் நாயோடு மலை உச்சியில் நிற்கிற அந்த வீடியோவை நேற்றிலிருந்து ஆளாளுக்கு எனக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறீர்கள். போதும், பார்த்துவிட்டேன். வானம் கறுத்துக் கிடக்கிறது, காற்றில் மழைக்கோட்டு படபடக்கிறது, மொட்டைப் பாறை உச்சியில் அவர் இரண்டு கையையும் விரித்து நிற்கிறார். நீங்கள் எல்லோரும் அவரைப் பார்த்தீர்கள். நான் அவர் காலடியில் இருந்த நாயைப் பார்த்தேன். வால் வயிற்றோடு ஒட்டிக் கிடந்தது. இடி இடித்ததும் அவர் கால்களுக்கு நடுவே தலையை நுழைக்கப் பார்க்கிறது. அதற்குக் கீழேதான் அத்தனை இதயக்குறிகள்.

நான் எழுதியது ஒரே வரி. "இடி கேட்ட பிறகு நாயை அங்கே நிறுத்தி வைத்திருக்கக் கூடாது." இதற்குத்தான் இவ்வளவு வசவு.

"அது ஆசைப்பட்டுத்தானே வந்தது?" என்கிறார்கள். நாய் உச்சிக்குப் போக ஆசைப்படவில்லை ஐயா, உங்களோடு இருக்க ஆசைப்பட்டது. மொட்டை மாடிக்குக் கூப்பிட்டிருந்தாலும் இதே துள்ளலோடு வந்திருக்கும். வானிலை அறிக்கையைப் பார்த்ததோ பார்க்காமல் விட்டதோ நீங்கள். திரும்ப வேண்டாம் என்று முடிவெடுத்தது நீங்கள். நாய் எதையும் முடிவு செய்யவில்லை.

"மின்னல் என்ன, குறி பார்த்தா விழும்?" குறி பார்க்க வேண்டியதே இல்லை. பக்கத்தில் விழுந்தாலே மின்சாரம் தரை வழியாகப் பரவும். நாலு கால் பிராணிக்கு முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் இடைவெளி அதிகம். ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கும் மின்சாரத்தின் வழியில் இதயம் இருக்கிறது. 2016 ஆகஸ்டில் நார்வேயின் ஹர்டாங்கர்விட்டா மேட்டுநிலத்தில் மின்னல் தாக்கி 323 ரெயின்டீர் மான்கள் செத்துக் கிடந்தன. வேறு வழியே இல்லாதபோது நாமாவது இரண்டு பாதத்தையும் சேர்த்துக் குந்திக்கொள்ளலாம். நாய்க்கு அதை எப்படிச் சொல்வீர்கள்? அந்த வீடியோவில் மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எண்ணிப் பார்த்தேன், ஐந்து வினாடிகூட இல்லை. சத்தம் ஒரு கிலோமீட்டர் வரவே ஏறத்தாழ மூன்று வினாடி ஆகும். மின்னல் எவ்வளவு பக்கத்தில் விழுந்தது என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

"மீட்புப் பணி நாய்கள் மலையில் வேலை செய்யவில்லையா?" செய்கின்றன. பயிற்சியோடு, ஓர் உயிரைக் காப்பாற்ற. வீடியோவுக்காக இல்லை.

"அப்போ நாயை வீட்டிலேயே கட்டிப் போடணுமா?" நான் எங்கே அப்படிச் சொன்னேன்? நானும் என் நாயோடு மலை ஏறுகிற ஆள்தான். ஒரு தடவை உச்சிக்குக் கொஞ்சம் கீழே, நெஞ்சு உயரப் பாறை ஒன்று. என் நாய் ஒரே தாவில் ஏறிவிட்டது. அப்போதுதான் தூறல் ஆரம்பித்தது, தூரத்தில் உறுமல். திரும்பலாம் என்றேன். கூட வந்த நண்பர் மாட்டேன் என்று மேலே போய்விட்டார். ஏறின பாறையில் நாயால் இறங்க முடியவில்லை. பாசி நனைந்து சோப்புத் தேய்த்த மாதிரி இருந்தது. விளிம்புக்கு வரும், முன்னங்காலை நீட்டும், நகம் கீச்சென்று வழுக்கும், பின்வாங்கும். பின்னங்கால்கள் நடுங்கின. மார்புப் பட்டையின் கைப்பிடியை ஒரு கையிலும் வயிற்றை மறுகையிலும் தாங்கி, அதன் முழு எடையையும் என் தோளில் வாங்கித்தான் இறக்கினேன். ஏறுவதைப் பார்த்து "அருமையா ஏறுது" என்று கைதட்டுகிறவர்கள், அது இறங்குவதைப் பார்த்ததே இல்லை.

அந்த நண்பர் பிறகு எல்லோரிடமும் சொன்னார், நாயைச் சாக்கு வைத்து நான் பயந்து ஓடிவிட்டேனாம். அதற்கப்புறம் என்னை எந்த மலைக்கும் கூப்பிடவில்லை. நேற்று என் வரிக்குக் கீழே முதல் ஆளாக வந்து சிரிப்புக்குறி போட்டதும் அவர்தான். வலிக்கிறது, மறைக்கவில்லை. எத்தனை மலை சேர்ந்து ஏறியிருக்கிறோம். ஆனாலும் நாளைக்கே அதே பாறை, அதே உறுமல் என்றால் நான் திரும்பத்தான் போகிறேன். பயந்தாங்கொள்ளி என்றே சொல்லிக்கொள்ளுங்கள்.

வீடியோ போட்டவருக்கு ஒன்று. உச்சியில் நின்றதைக் காட்டினீர்கள், சரி. ஈரத்தில் ஊறிய பாதம் மெத்தென்று ஆகிவிடும், சொரசொரப்பான பாறையில் சீக்கிரம் கிழியும். இறங்கி வந்த பிறகு அந்த நாயின் நாலு பாதத்தையும் திருப்பிப் பார்த்தீர்களா? பார்த்திருந்தால் அந்தப் படத்தையும் போடுங்கள். பார்க்கவில்லை என்றால், எனக்குப் பதில் எழுதுவதை நிறுத்திவிட்டு முதலில் போய்ப் பாருங்கள்.