எங்கள் அப்பத்தா பெயரில் எவனோ ஊறுகாய் விற்கிறான்

"உங்க பைல் குளோஸ்டு மேடம்."

அப்பத்தா பெயரை எங்கள் வியாபாரத்துக்கு டிரேட்மார்க்காகப் பதிவு செய்து தருவதாகச் சொன்ன கன்சல்டன்சியிடமிருந்து இந்த ஒரு வரியைக் கேட்க இன்று காலை முக்கால் மணி நேரம் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன். அடுப்பில் நல்லெண்ணெய் கருகிப்போனது. எண்ணெய் போனால் போகட்டும், வாங்கிக்கொள்ளலாம். அப்பத்தா பெயரை எங்கே போய் வாங்குவது?

நேற்று மாட்டுத்தாவணியில் பஸ்ஸுக்கு நின்றபோது ஒரு கடையில் அந்த பாட்டிலைப் பார்த்தேன். மஞ்சள் தாள், சிவப்பு எழுத்து, ஓரத்தில் குத்துவிளக்கு. எங்கள் பாட்டில் என்றே நினைத்தேன். நாம் இந்தக் கடைக்குச் சரக்கே போடுவதில்லையே என்று கையில் எடுத்தால், அப்பத்தா பெயருக்கு முன்னால் ஒரு 'ஸ்ரீ'. அவ்வளவுதான் வித்தியாசம். பின்பக்கம் வேறு ஊர் முகவரி, வேறு எஃப்எஸ்எஸ்ஏஐ எண், அதாவது உணவு உரிம எண். காசு கொடுத்து வாங்கி வந்து திறந்தேன். வினிகர் வாடை தூக்கி அடிக்கிறது. நார்த்தங்காய்க்கு வினிகர்! அப்பத்தா உப்பையும் வெயிலையும் தவிர வேறெதையும் நம்பியதில்லை. சுருள் சுருளாக நறுக்கி, உப்பு அடைத்து, மொட்டைமாடியில் காயவைத்து, மழை மேகம் தெரிந்தால் ஓடி ஓடி எடுத்து வைத்த கை அது. அந்தப் பெயரில் இந்த வாடையா?

இரவு முழுக்கத் தூக்கம் இல்லை. டிரேட்மார்க் தளத்தில் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பெயரைத் தேடிப் பார்க்கலாம். தேடினேன். அந்த ஸ்ரீக்காரன் போன வருடமே விண்ணப்பம் போட்டிருக்கிறான். எங்கள் விண்ணப்பத்துக்கு நேராக 'அபேண்டண்டு' என்று இருக்கிறது. கைவிடப்பட்டதாம். யார் கைவிட்டது? நானா?

2022-ல் ஒரு விளம்பரத்தைப் பார்த்துத்தான் அந்த கன்சல்டன்சிக்குப் போனேன். பெயரைப் பதிவு செய்ய 1,999 ரூபாய் மட்டும் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். அரசுக் கட்டணம் தனி என்பது அடியில் எறும்பு சைஸில் இருந்தது. சரி, நியாயம்தான் என்று அதையும் கட்டினேன். அரசுக் கட்டணம் 9,000 என்றார்கள், கொடுத்தேன். என்னைப்போலத் தனி ஆளாகத் தொழில் செய்பவர்களுக்கு ஆன்லைனில் ஒரு வகுப்புக்கு, அதாவது ஒரு பொருள் வகைக்கு, 4,500 ரூபாய்தான். 9,000 என்பது கம்பெனிகளுக்கு. இது எனக்குத் தெரிந்தது இன்றைக்கு. மீதி 4,500 எங்கே போனது என்று கேட்டேன். "அது பிராசசிங் மேடம்."

அந்த போன் பேச்சை அப்படியே எழுதுகிறேன், என்னைப்போல ஏமாந்தவர்கள் படிக்கட்டும். முதல் நம்பர் உபயோகத்தில் இல்லை. இரண்டாவது நம்பரில் ஒரு பையன். சார் மீட்டிங்கில் இருக்கிறார் என்றான். எந்த மீட்டிங் காலை ஒன்பது மணிக்கு? காத்திருக்கிறேன் என்றேன். பாட்டு போட்டார்கள். பாட்டு முடிந்து ஒரு பெண் வந்து அப்ளிகேஷன் நம்பர் கேட்டது. ஏழு இலக்கத்தையும் சொன்னேன். மறுபடி பாட்டு. அப்புறம் வேறொருவர் வந்து அதே நம்பரைக் கேட்டார். சொன்னேன். "லைன்ல இருங்க" என்றவர் போனைக் கீழே வைத்துவிட்டு யாரிடமோ டீ சொல்வது எனக்குக் கேட்கிறது. மூன்றாவது ஆளிடமும் நம்பர் சொன்ன பிறகுதான் அந்தப் பதில் வந்தது.

"உங்க பைல் குளோஸ்டு மேடம்."

"யார் குளோஸ் பண்ணினது?"

"எக்ஸாமினேஷன் ரிப்போர்ட்டுக்கு ரிப்ளை போகலை மேடம். அதனால ஆட்டோமேட்டிக்கா ஆகிடும்."

"ரிப்போர்ட் வந்ததே எனக்குத் தெரியாதே."

"மெயில்ல வந்திருக்குமே மேடம்."

"எந்த மெயிலுக்கு?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் ஒரு மெயில் ஐடியை வாசித்தார். அது அவர்கள் ஆபீஸ் மெயில். என் விண்ணப்பம், என் பணம், என் கையெழுத்து. கடிதம் போனது அவர்களுக்கு. அந்த ரிப்போர்ட் என்பது விண்ணப்பத்தைப் பரிசீலித்து டிரேட்மார்க் அலுவலகம் அனுப்பும் ஆட்சேபக் கடிதம். அது கைக்குக் கிடைத்து ஒரு மாதத்துக்குள் பதில் போட வேண்டும். ஏற்கெனவே இருக்கும் ஏதோ ஒரு பெயர் எங்கள் பெயரைப்போல இருக்கிறது என்று கேட்டிருக்கிறார்கள். அந்தப் பெயர்க்காரர் விற்பது டீத்தூள். பதில் சொல்ல முடியாத கேள்வியா அது? கடையில் பில் போடத் தெரிந்த எங்கள் வீட்டுப் பிள்ளையே எழுதிவிடுவான்.

"எனக்கு ஏன் சொல்லவில்லை?"

"ரிப்ளை உங்க பேக்கேஜ்ல இல்லையே மேடம். அதுக்கு சார்ஜ் தனி."

பேக்கேஜில் இல்லை என்றால் காசு கேட்கவாவது ஒரு போன் செய்திருக்கலாமே! தீபாவளிக்கு வாழ்த்து அனுப்பினார்கள், பொங்கலுக்கு அனுப்பினார்கள், கம்பெனி தொடங்க ஆஃபர் என்று மாதாமாதம் அனுப்பினார்கள். என் பெயர் செத்துக்கொண்டிருக்கிறது என்று ஒரு வரி அனுப்ப அவர்களுக்கு விரல் வரவில்லை. கடைசியில் அந்த மனிதர் சொன்னதைக் கேளுங்கள்: "புதுசா ஒண்ணு பைல் பண்ணிடலாம் மேடம், இப்ப ஆஃபர் போயிட்டு இருக்கு." வாயில் வந்ததை எல்லாம் சொன்னேன். பக்கத்து வீட்டு அக்கா சுவரைத் தாண்டி எட்டிப் பார்த்தது.

மத்தியானம் பழைய விண்ணப்பத்தை ஒரு வக்கீலிடம் காட்டினோம். அவர் படிக்கப் படிக்க எனக்கு வயிறு எரிந்தது. உலகத்துப் பொருள், சேவை எல்லாவற்றையும் 45 வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள். இட்லிப் பொடியும் பருப்புப் பொடியும் 30-ஆம் வகுப்பு. ஊறுகாய் 29. எங்கள் வியாபாரத்தில் முக்கால்வாசி ஊறுகாய்தான். கன்சல்டன்சிக்காரர் 30-ல் மட்டும் போட்டிருக்கிறார். அதாவது அந்த விண்ணப்பம் பதிவாகியே இருந்தாலும் ஊறுகாய்க்கு நேரடிப் பாதுகாப்பு இல்லை.

இன்னொன்று அதைவிட மோசம். 2016-லிருந்து இந்தப் பெயரில் விற்கிறோம். அதைத் தேதியோடு எழுதி, பில், லேபிள் எல்லாம் வைத்து ஒரு பிரமாணப் பத்திரம் கொடுத்திருக்க வேண்டும். அந்த வேலைக்குச் சோம்பல்பட்டு, 'இனிமேல் பயன்படுத்த உத்தேசம்' என்று எழுதி முடித்துவிட்டார்கள். ஆறு வருடம் வெயிலில் நின்றவள் நான். காகிதத்தில் நான் இன்னும் தொழிலே தொடங்கவில்லை!

விண்ணப்பம் போட்ட மறுநாளே, பதிவான பெயர் என்று காட்டும் வட்டத்துக்குள் ஆர் குறியைப் போட்டுக்கொள்ளலாம் என்று சொன்னவர்களும் இவர்கள்தான். நம்பி ஐயாயிரம் லேபிள் அடித்தேன். பதிவுச் சான்றிதழ் கைக்கு வராமல் அந்தக் குறியைப் போடுவதை டிரேட்மார்க் சட்டத்தின் 107-ஆம் பிரிவு தடுக்கிறது. அதுவரை டிஎம் என்றுதான் போடலாம். விஷயம் தெரிந்த ஒரு கடைக்காரர் சொல்லித்தான் தெரிந்தது. நானும் என் நாத்தனாரும் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து ஒவ்வொரு லேபிளிலும் அந்த ஆரின் மேல் ஸ்டிக்கர் ஒட்டினோம். அந்தக் கோபமே இன்னும் ஆறவில்லை.

வக்கீல் ஆறுதலுக்கு ஒன்று சொன்னார். கர்நாடகத்தில் 1985-லிருந்து நந்தினி என்று பால் விற்கும் கூட்டுறவுச் சம்மேளனமும், 1989-லிருந்து நந்தினி என்று நடக்கும் ஓட்டல்காரர்களும் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2018-ல் தீர்ப்பு ஓட்டலுக்குச் சாதகமாக வந்தது. வகுப்பு ஒன்றாக இருந்தாலும் பொருள் வேறு, தோற்றம் வேறு, மக்கள் குழம்ப மாட்டார்கள் என்று. சரிங்கய்யா, அங்கே பாலும் சாப்பாடும். இங்கே ஊறுகாயும் ஊறுகாயும்! மஞ்சளும் மஞ்சளும், விளக்கும் விளக்கும்! நானே குழம்பினேனே, வாங்க வருகிறவர்கள் குழம்ப மாட்டார்களா? அதுதான் நம் பக்கத்து பலம் என்றார் அவர். முன்னாலிருந்து பயன்படுத்துகிறவருக்கு 34-ஆம் பிரிவு துணை நிற்குமாம், பதிவு இல்லாவிட்டாலும்.

இனி என் திங்கட்கிழமைகள் எல்லாம் போயின. பதிவுக்கு முன் பெயர்களை ஊருக்கு அறிவிக்கும் டிரேட்மார்க் ஜர்னல் வாராவாரம் திங்கட்கிழமை வருகிறது. ஸ்ரீக்காரன் பெயர் அதில் வந்த நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் எதிர்ப்பு மனு போட வேண்டும். அதற்கு ஆன்லைனில் 2,700. எங்கள் பெயரை 29, 30 இரண்டிலும் மறுபடி போட 9,000. வக்கீல் பீஸ் தனி. எங்கள் அப்பத்தா பெயர் எங்களுடையது என்று சொல்ல நாங்கள் கட்ட வேண்டிய கணக்கு இது. இந்த முறை மெயில் ஐடி என்னுடையது. முதல் முறை போட்டபோது யார் யாரோ பதிவு செய்து தருகிறேன், ரிஜெக்ட் ஆகப்போகிறது என்று நாள் முழுக்க அழைத்தார்கள். இப்போதும் அழைப்பார்கள். அழைக்கட்டும், நானே எடுத்துப் பேசிக்கொள்கிறேன்.

சாயங்காலம் பரணில் ஏறி 2016 பில் புத்தகத்தைத் தேடினோம். இரண்டு புத்தகம் கிடைத்தது. ஒன்றில் கறையான். நல்லதில் முதல் பக்கம், முதல் பில்: நார்த்தங்காய் கால் கிலோ, இரண்டு. அப்பத்தா கையாலேயே எழுதியது. 'ர்'-க்குப் புள்ளி வைக்க மறந்திருக்கிறது. அதைப் பார்த்ததும் நானும் நாத்தனாரும் பரணிலேயே உட்கார்ந்து சிரித்தோம், ஏன் என்றே தெரியாமல், கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும்.

கீழே இறங்கி வந்தால் பார்சல் வந்திருக்கிறது. மூடிக்காரருக்கு 63 மில்லிமீட்டர் மூடி என்று மூன்று தடவை சொல்லி, எழுதியும் அனுப்பியிருந்தேன். 58 வந்திருக்கிறது. இரண்டாயிரம் மூடி. ஒன்றுகூட பாட்டிலில் உட்காரவில்லை. போன் போட்டால், "சார் மீட்டிங்ல இருக்காங்க" என்கிறான்.