துக்க வீட்டில் "ஆண்டவர் சித்தம்" சொல்லும் முன்

துக்க வீட்டுக்குள் நுழைந்ததும் "எல்லாம் ஆண்டவர் சித்தம், அழாதீங்க" என்று சொல்வது நம் கிறிஸ்தவர்களிடையே வழக்கமாகிவிட்டது. சொல்கிறவர்கள் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனாலும் அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை. காரணம், ஒக்கி புயல்.

2017 நவம்பர் 30. மீனவரான புனித அந்திரேயாவின் திருநாள். அன்றுதான் அந்தப் புயல் குமரிக் கடலைப் புரட்டிப் போட்டது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி ஊர்க்காரர்கள் பலர் ஆழ்கடலில் தங்கி மீன்பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. அடுத்து வந்த டிசம்பர் 3, கிறிஸ்து பிறப்புக்காகக் காத்திருக்கும் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. காத்திருப்பு என்றால் என்னவென்று அந்த ஊர்க் கோயில்களில் யாரும் பிரசங்கம் வைத்து விளக்க வேண்டியிருக்கவில்லை.

கரை திரும்பாதவர்கள் யார், எந்தப் படகு என்று பங்குத்தந்தையர் பட்டியல் எடுத்தார்கள். அரசின் கணக்கும் ஊரின் கணக்கும் ஒத்துப்போகாதபோது அந்தப் பட்டியலை வைத்துத்தான் மக்கள் பேசினார்கள். காணாமல் போனவர்களைத் தேடச் சொல்லி டிசம்பர் 7 அன்று குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கானோர் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். குருக்களும் கூடவே இருந்தார்கள். கோயிலுக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்கிறவர்கள் அப்போதும் இருந்தார்கள், இப்போதும் இருக்கிறார்கள்.

அவர்கள் விவிலியத்தின் திருப்பாடல்களை (சங்கீதங்களை) ஒரு முறை நிதானமாக வாசிக்க வேண்டும். 150 பாடல்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல்தான். 13ஆம் பாடல், இன்னும் எத்தனை காலம் என்னை மறந்திருப்பீர் என்று கடவுளையே கேட்கிறது. 88ஆம் பாடல் இருட்டிலேயே முடிகிறது, கடைசியில் ஆறுதலாக ஒரு வரி கூடக் கிடையாது. எனக்கு நம்பிக்கை தருவது அந்தப் பாடல்தான். கேட்க ஒருவர் இருக்கிறார் என்று நம்புகிறவனால்தான் அப்படி முகத்துக்கு நேரே கேட்க முடியும். இயேசுவும் இறந்துபோன தம் நண்பர் லாசரின் கல்லறைக்குப் போகும்போது அழுதார். கொஞ்ச நேரத்தில் அவரை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தும் அழுதார். அப்புறம் நாம் யார், அழாதே என்று சொல்ல?

இறந்தோர் நினைவு நாளான நவம்பர் 2 அன்று எல்லோரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ப் பூ வைத்து மெழுகுவர்த்தி கொளுத்துகிறோம். உடலே கிடைக்காத வீட்டுக்காரர்கள் எங்கே போய்க் கொளுத்துவார்கள்? காணாமல் போனவரை இறந்தவராகக் கருத 7 ஆண்டு ஆக வேண்டும் என்ற விதியைத் தளர்த்தி, 20 லட்சம் ரூபாய் நிவாரணம் கொடுத்தார்கள். கொடுத்தது நல்லதுதான். ஆனால் அந்த மனைவிமார் பலருக்குக் கடைசியாக ஒரு முறை முகம் பார்க்கக்கூடக் கொடுத்துவைக்கவில்லை.

"உடலின் உயிர்ப்பை நம்புகிறேன்" என்று நாம் ஞாயிறுதோறும் வேகவேகமாகச் சொல்லிவிட்டுப் போகிறோம். கணவனின் உடல் கடலில் இருக்கும் ஒரு பெண் அதைச் சொல்லும்போது அதன் கனமே வேறு. கடல் தன்னிடம் இருந்த இறந்தோரைத் திருப்பிக் கொடுக்கும் என்று விவிலியத்தின் கடைசி நூலான திருவெளிப்பாடு சொல்கிறதே, நானும் அதை அப்படியே நம்புகிறேன். அந்த நாள் வரும்வரை அவர்கள் அழட்டும், கேட்கட்டும். நாம் பக்கத்தில் உட்காருவோம், அலுவலகப் படி ஏற வேண்டியிருந்தால் கூடவே ஏறுவோம்.

நவம்பர் 30 பூசையில் மன்றாட்டு வாசிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். "கடலில் இறந்த அனைவருக்காகவும்" என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள். உங்கள் பங்கில் திரும்பி வராதவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசியுங்கள். பூசை பத்து நிமிஷம் நீண்டால் நீளட்டும்.